தயிர் தோய்ந்த தேதிகள்

மெமோவில் பத்தொன்பது தேதிகள் இருந்தன. ஜூன் மாதம் தொடங்கி மார்ச் கடைசி வரைக்கும், பத்தொன்பது நாள் நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்திருக்கிறேனாம். அதோடு விட்டிருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். தேதிகளுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'பஸ் வரவில்லை என்று தாங்கள் கூறியது பொய் எனத் தெரிய வருகிறது.' பொய்! எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல் இருக்கும். அன்றைக்கு அது உச்சிமண்டைக்கே ஏறிவிட்டது.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம் அது. ஏற்காட்டில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக டீச்சர். வீடு மஞ்சக்குட்டையில். காலை ஏழு பத்துக்கு எங்கள் ஊருக்கு வருகிற ஒரே பஸ்ஸைப் பிடித்தால் எட்டரை மணி பெல்லுக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். அந்தப் பஸ் வந்தால் உண்டு. அடிவாரத்தில் ஏதாவது கல்யாணக் கூட்டம் கைகாட்டிவிட்டால் அவர்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விடும். அன்றைக்கு ஜீப்தான். ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். பதினாலு பேர் ஏறிய பிறகும் அந்த டிரைவர் கண்ணுக்கு வண்டி காலியாகத்தான் தெரியும். நான் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும்.

தலைமை சிஸ்டர் நான் அங்கே மாணவியாக இருந்தபோதே எனக்குக் காது திருகியவர். டீச்சரான பிறகு திருகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பஸ் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேம்மா. ஒரு நாள் விடாம வண்டி போயிருக்குன்னு சொல்றாங்க. நீ என்னடான்னா மாசத்துக்கு ரெண்டு தடவை பஸ் வரலைங்கற."

"வரலைங்க சிஸ்டர். எங்க ஊரே சாட்சி சொல்லும்."

"உங்க ஊரு உனக்குத்தான சொல்லும்?"

"என்னைக்கெல்லாம் வரலைன்னு நானே எழுதித் தர்றேனுங்க."

"நீ எழுதினா அது நீ எழுதினது." சிஸ்டர் ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்தார். "அந்த மெஷின் எடுத்துக் குடுக்கட்டும், நம்பறேன். அடுத்த வெள்ளிக்கெழமை வரைக்கும் டைம். இல்லைன்னா ஜூன்ல நீ வர வேண்டாம்."

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது வந்த அன்று ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், கீபோர்டின்மேல் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார். அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. மானிட்டருக்கு ஊதா வெல்வெட்டில் குஞ்சம் வைத்த உறை. மழைக்காலத்தில் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அவற்றை ஒரு பீரோவில் வைத்து, உள்ளே இருபத்துநாலு மணி நேரமும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருந்தோம். இவ்வளவு ராஜமரியாதைக்குப் பிறகு அது செய்த வேலை பரீட்சைக் கேள்வித்தாள் அடிப்பதுதான். சேலத்தில் ஆறு மாதம் கோர்ஸ் படித்திருந்ததால் அதற்கு இன்சார்ஜ் நான். தீர்த்தம் பட்ட மெஷின் பொய் சொல்லாது என்று சிஸ்டர் மனப்பூர்வமாக நம்பினார். மெஷினை இயக்குபவள் சொல்லுவாள் என்பதையும் அதே அளவு நம்பினார்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ளும் நிலைமையில் எங்கள் வீடு இல்லை. அதைவிட, பொய் சொல்லி மாட்டிக்கொண்டு வேலை போனவள் என்று மலை முழுக்கப் பேசும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எஸ்டேட் டைரி. மஞ்சக்குட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே ஒரு காப்பி எஸ்டேட்டின் ஆபீஸ். அங்கே ரைட்டராக இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், எறும்புக்குக்கூட 'வாங்க, போங்க' போட்டுப் பேசுகிறவர். பெங்களூரில் இருந்த முதலாளியின் மகன் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, தினமும் நடப்பதையெல்லாம் இங்கிலீஷில் டைரியாக அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தான். பஸ் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான் அதில் முதல் விஷயம். போய்க் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க டீச்சர். நொம்ப நாளா இதை யாரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சுட்டே இருந்தனுங்க" என்று ஒரு ஃபிளாப்பியை வெற்றிலை பாக்கு மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

சிஸ்டரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "அந்த எஸ்டேட்டா? ஹாஸ்டலுக்குப் பால் அனுப்பறேன்னு சொல்லிட்டு நெனச்சா நிறுத்திக்கறாங்களே, அவங்களா? எப்பக் கேட்டாலும் மாடு உதைச்சிருச்சும்பாங்க. சரி, டைரி டைரிதான். பாரு."

பத்து மாத டைரியை உட்கார்ந்து கண்ணால் படித்தாலே இரண்டு நாளில் முடிந்திருக்கும். ஆனால் மெஷின் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் பைத்தான் என்று ஒரு மொழி இருந்தது. ஒருமுறை அதைப் போட்டு ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்திருந்தேன். இரண்டு என்று சரியாகச் சொன்னது. என் பைத்தான் பாண்டித்தியம் அவ்வளவுதான்.

அதில் ஒரு வசதி உண்டு என்று அந்த சி.டி.யிலேயே எழுதியிருந்தது. ஒரு மூட்டை எழுத்தைக் கொடுத்து, 'இந்த மாதிரி இருப்பதை மட்டும் பொறுக்கி எடு' என்று சொல்லலாம். அந்த 'மாதிரி'யைச் சங்கேதமாக எழுத வேண்டும். புள்ளி வைத்தால் ஏதாவது ஓர் எழுத்து. அதன் பக்கத்தில் நட்சத்திரம் வைத்தால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும். அதாவது புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால், நடுவில் எது கிடந்தாலும் வாரிக்கொள் என்று அர்த்தம். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். 'பஸ்' என்று ஆரம்பித்து, நடுவில் எது வேண்டுமானாலும் வந்து, 'வரவில்லை' என்று முடிகிற இடத்தை எடு என்று இங்கிலீஷில் ஒரு மாதிரி எழுதி, ஃபிளாப்பியைச் சொருகி, சிலுவை போட்டுக்கொண்டு என்டரைத் தட்டினேன்.

ஒன்றுமில்லை என்றது.

மறுபடி தட்டினேன். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்று நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டுக் கடைசிப் பஸ் வருகிற வரைக்கும், வெறுங்காலோடு அந்தச் சிமெண்டுத் தரையில் குளிர்ந்து கிடந்ததுதான் மிச்சம். நான்காம் நாள்தான் விஷயம் புரிந்தது. தேடுவதற்கு அதில் இரண்டு கட்டளைகள் இருந்தன. நான் எடுத்தது மூட்டையின் தொடக்கத்தை மட்டும் பார்க்கிற கட்டளை. தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஆள் இந்த ஊரிலேயே இல்லை என்று திரும்புகிற தபால்காரர் மாதிரி. டைரியின் முதல் வரியில் எஸ்டேட்டின் பெயர் இருந்தது, பஸ் இல்லை. சோம்பேறி என்று மெஷினைத் திட்டிவிட்டு, ஊர் முழுக்கத் தேடுகிற இன்னொரு கட்டளையைப் போட்டேன்.

அதுவும் ஒன்றுமில்லை என்றது. வெல்வெட் உறையைக் கடித்துக் குதறலாமா என்று இருந்தது.

டைரியைத் திரையில் திறந்து பார்த்தபோதுதான் ரைட்டரின் திருவிளையாடல் தெரிந்தது. வாக்கியம் முடிந்ததோ இல்லையோ, வரி நிறைந்தவுடன் என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போயிருந்தார். முப்பது வருஷம் டைப்ரைட்டர் அடித்த கை. அதில் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும், தள்ளிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் மணி அடிக்காவிட்டாலும் இவருக்குள்ளே அடித்திருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு துண்டு, மூன்று துண்டு. என் புள்ளியோ மகா ரோஷக்காரப் புள்ளி. எந்த எழுத்தையும் வாரும், ஆனால் வரியின் எல்லையை மட்டும் தாண்டாது. தாண்டலாம் என்று அதற்குத் தனியாக உத்தரவு கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன்.

ஆண்டவரே! என்டரைத் தட்டினதும் திரை மேலே ஓட ஆரம்பித்தது, ஓடிக்கொண்டே இருந்தது. ஜூன் மாதத்து முதல் 'பஸ்'ஸில் பிடித்து மார்ச் மாதத்துக் கடைசி 'வரவில்லை' வரைக்கும் முழு டைரியையும் ஒரே கவளமாக வாரி வந்திருந்தது. நடுவில் எது கிடந்தாலும் வாரு என்று சொன்னேன் அல்லவா, பேய்ப் பசியோடு வாரிவிட்டது. பன்றி வேலியை உடைத்தது, கன்று பிறந்தது, முதலாளி மகன் அட்டை கடித்துக் கூச்சல் போட்டது எல்லாம் ஓடி மறைந்தன. அட்டை கடித்த இடத்தை மட்டும் நிறுத்தி இரண்டு தடவை படித்தேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

பேராசைக்கும் மருந்து இருந்தது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தால், எவ்வளவு குறைவாக வார முடியுமோ அவ்வளவு மட்டும் வாரும். வைத்தேன். இப்போது அழகாகத் துண்டு துண்டாக வந்தது. முதல் துண்டில் 'பஸ்' இருந்தது, கடைசியில் 'வரவில்லை'யும் இருந்தது. எழுந்து நின்று கைதட்டிவிட்டு நடுவில் படித்தேன். வராதவர் தச்சர். அடுத்த துண்டில் வராதவர் கம்பவுண்டர். அதற்கடுத்ததில் முதலாளியே. மலையில் இருக்கிற ஜனம் அத்தனை பேரும் ஏதோ ஒரு நாள் வரவில்லை. பஸ் மட்டும் எல்லா நாளும் வந்திருந்தது.

கடைசியாக, பஸ் என்ற வார்த்தையோடு அது வந்த மணியை மட்டும் எடு என்று மாற்றி எழுதினேன். புதன்கிழமை சாயங்காலம் முதல்முறையாக என் நிரல் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. வரிசையாக, துளி பிசகாமல் இப்படி அடித்தது: பஸ் வந்தது 7.10. பஸ் வந்தது 7.10. பஸ் வந்தது 7.10. பத்து மாதமும் ஏழு பத்து. நான் பிள்ளையார் பிடிக்க அது குரங்காய் முடிந்தது. சிஸ்டர் கேட்ட மாதிரியே மெஷின் எடுத்துக் கொடுத்துவிட்டது, நான் பொய்க்காரி என்று. வெளியே வந்து செருப்பைப் போடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் லீவு, அதற்கு மறுநாள் வெள்ளி.

பஸ்ஸில் போகும்போது அச்சடித்த அந்தத் தாளையே முறைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒரு தேதி கண்ணில் குத்தியது. அது ஊரெல்லாம் பந்த் நடந்த நாள். சேலத்திலிருந்து ஒரு சைக்கிள்கூட மலையேறவில்லை. அன்றைக்கும் 'பஸ் வந்தது 7.10'!

மறுநாள் காலையில் எழுந்ததும் நேராக எஸ்டேட் ஆபீஸ். போன வேகத்தில் ரைட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங்க ரைட்டர், பந்த் அன்னைக்கு எந்தப் பஸ்ஸுங்க வந்துச்சு? புஷ்பக விமானமா?"

"உக்காருங்க டீச்சர், உக்காருங்க. என்னாச்சுங்க?"

தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். ஒரு வெட்கமும் இல்லாமல் சிரித்தார்.

"அதுங்களா? அது முந்தின நாள் சாயங்காலமே அடிச்சு வெச்சர்றதுங்க. காலைல ஆள் பிரிச்சு வேலைக்கு உடற நேரத்துல இதுக்கெல்லாம் எங்கீங்க நேரம்? பஸ் வந்தது, பால் அனுப்பப்பட்டது, வானம் தெளிவு. இந்த மூணும் ஆபீஸ் பூட்டறப்பவே அடிச்சிருவனுங்க. அப்புறம் நடக்கறதை நடக்கறப்பச் சேத்திக்கறது."

"பஸ் வரலைன்னா?"

"வந்ததுன்னு அடிச்சாச்சுங்களே. அடிச்சதை அழிச்சா மொதலாளி பையன் கேள்வி கேப்பானுங்க."

"அப்ப பால்?"

"அதுவும் அனுப்பினதா அடிச்சாச்சுங்க. கான்வென்ட்டுல இருந்து கேட்டா, மாடு உதைச்சிருச்சுன்னு சொல்லியுடறதுங்க. பாவம், அந்த மாடு சாதுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாது மாட்டைக் கூப்பிட்டு இவரை உதைக்கச் சொல்லியிருப்பேன். என் பிழைப்பு, என் மானம் எல்லாம் இந்த மனிதர் ஆபீஸ் பூட்டுகிற அவசரத்தில் அடித்த மூன்று வாக்கியத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அவரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார்.

"கோபம் ஒடம்புக்கு ஆகாதுங்க. ஒரு வாய் குடிங்க சாமி."

பச்சைமிளகாய், இஞ்சி எல்லாம் தட்டிப் போட்ட மோர். கோபத்தோடு குடித்தாலும் நன்றாகத்தான் இருந்தது. "மோரெல்லாம் பலமா இருக்கு?" என்றேன், குத்தலாகத்தான்.

"நேத்துப் பஸ் வரலீங்களே. கான்வென்ட்டுக்குப் பஸ்ல ஏத்தற பால் கேன் அப்படியே நின்னு போச்சு. பாலைக் கீழயா கொட்டறது? ஒறை ஊத்தித் தயிராக்கி, கடைஞ்சு காட்டுல வேலை செய்யற ஆளுகளுக்கு மோர் ஊத்தறதுங்க. எப்பவும் அப்படித்தானுங்க."

சொம்பு என் கையிலேயே நின்றது. "எப்பவுமா? இதை டைரில எழுதுவீங்களா?"

"இதை எழுதாமயாங்க? உப்பு, மொளகா எல்லாம் ஸ்டோர்ல எடுக்கறமே. எல்லாருக்கும் மோர் வழங்கப்பட்டது, எல்லாரும் சந்தோசம்னு அடிப்பனுங்க. அது மட்டும் நடந்த பொறகுதான் அடிக்கறது."

எழுந்து அவர் காலில் விழாதது ஒன்றுதான் பாக்கி. பத்து மாதமாகப் பொய் சொன்ன டைரியில் மோர் மட்டும் சத்தியம் பேசியிருக்கிறது!

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் வந்தது, நல்லவேளை. முதல் இரண்டு பீரியடும் எனக்கு வகுப்பு இல்லை. செருப்பை ஒரு மூலையில் உதறிவிட்டு உட்கார்ந்தேன். டைரியைத் தேதி தேதியாக வெட்டு, எந்தத் தேதிக்குள் மோர் இருக்கிறதோ அந்தத் தேதியை மட்டும் கொடு என்று எழுதினேன். பத்து நாள் அடிபட்டதில் கை பழகிவிட்டிருந்தது. முதல் தட்டிலேயே தேதிகள் வந்து விழுந்தன. மெமோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மெமோவில் செவ்வாய் என்றால் மோர் புதனில் இருந்தது. மெமோவில் திங்கள் என்றால் மோர் செவ்வாயில் இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நிரலில் எங்கே தப்பு என்று ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்தேன். தேதியை எண்ணுவதில் ஒன்று கூடிவிட்டதா என்று விரல் விட்டு எண்ணினேன். அரை மணி நேரம் கழித்து, தயிர் என்ற வார்த்தையை நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடி மக்கே, இன்றைக்கு உறை ஊற்றினால் நாளைக்குத்தானே தோயும்! நிரல் சரியாகத்தான் இருந்தது. தோயத்தான் ஒரு ராத்திரி பிடித்தது.

எல்லாத் தேதியிலும் ஒரு நாள் பின்னால் போ என்றேன். பதின்மூன்று பொருந்தின. மிச்சம் ஆறு. அதில் நான்கு டிசம்பர், ஜனவரி. எங்கள் மலையில் மார்கழிக் குளிருக்குத் தயிர் தோய இரண்டு ராத்திரி வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்தாலும், கம்பளி சுற்றினாலும் அப்படித்தான். இரண்டு நாள் பின்னால் போனதும் அந்த நான்கும் வந்து உட்கார்ந்தன.

மிச்சம் இரண்டு. இரண்டுமே மார்ச் மாதம். அந்த இரண்டும் பொருந்தாது என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். அந்த இரண்டு நாளும் பஸ் வந்தது. நான் ஒழுங்காக ஏறினேன். பனி கொட்டுகிற காலையில் ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கினேன். எதிரில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மாதம் பார்த்து இரண்டு நாள் போ என்று நிரலில் எழுதியிருந்தேன். அந்த மாதக் கணக்கை எடுத்துவிட்டு, எந்த மாதமானாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ பின்னால் போகலாம் என்று மாற்றினால் என்ன ஆகும் என்று சும்மா ஒரு ஆசைக்குப் பார்த்தேன். சத்தியமாகச் சும்மாதான். பத்தொன்பதும் பொருந்திவிட்டது! அந்த இரண்டு நாளுக்கும் மறுநாள் நிஜமாகவே பஸ் வராமல் போயிருக்கிறது, அதற்கு மறுநாள் மோர் ஊற்றியிருக்கிறார்கள். வலிய வருகிற சீதேவியைக் காலால் உதைப்பார்களா? அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

சிஸ்டர் தாளை வாங்கி, மெமோவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பஸ்ஸும் பாலும் மோரும் எப்படிக் கோத்துக்கொண்டு கிடக்கின்றன என்று சொன்னேன். ரைட்டர் முந்தின நாளே அடித்து வைப்பதைச் சொன்னேன். மாடு உதைத்த கதையைச் சொன்னதும் சிஸ்டர் கன்னம் துடித்தது.

"அப்ப பஸ் வராததாலதான் என் பிள்ளைகளுக்குப் பால் வரலையா? ஒரு வருசமா பால் பவுடர்ல காப்பி குடிச்சிட்டு, அந்த எஸ்டேட்டை நான் திட்டாத நாளில்ல."

"ஆமாங்க சிஸ்டர்."

"பாவம், அந்த மாட்டைக்கூடத் திட்டியிருக்கேன்."

சிகப்புப் பேனாவை எடுத்து மெமோவில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டே வந்தார். எனக்கு உடம்பில் உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. டிசம்பரில் ஒரு நிமிஷம் நின்றார். "இதென்ன, ரெண்டு நாள்?" குளிருக்குத் தோயாது என்றேன். "ஆமா, மார்கழில தோயாது" என்று அந்த நான்கையும் அடித்தார். பிப்ரவரி தாண்டியது. மார்ச்சில் பேனா நின்றது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காது திருகிய காலத்துப் பார்வை.

"ஏம்மா, நான் பால்காரர் ஊட்டுல பொறந்தவ. பங்குனி வெயில்ல எந்த ஊட்டுத் தயிரும்மா ரெண்டு நாள் தோயுது? ஒரே ராத்திரில புளிச்சுப் போயிருமே?"

கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு நிமிஷம் தாங்கவில்லை. மெஷின் என்று ஆரம்பித்தேன். "மெஷின் தீர்த்தம் பட்டது. அதை இதுல இழுக்காத" என்றார். பொய்க்காரி இல்லை என்று நிரூபிக்கத்தான் பத்து நாளாக வெறுங்காலோடு கிடந்தேன். கடைசியில் அந்தத் தாளிலேயே ஒரு பொய்யைச் சேர்த்துக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது, அவர் திருகாமலே.

"அந்த ரெண்டு நாளும் பஸ் வந்துச்சுங்க சிஸ்டர். ஒண்டிக்கடைல மொளகா பஜ்ஜி தின்னுட்டு நின்னுட்டேன்."

சிஸ்டர் சுவரில் இருந்த மாதா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"ம். பதினேழு நாளைக்கு நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேட்டுக்கறேன். இந்த ரெண்டும் இருக்கும்." மெமோவில் ஏதோ எழுதி ஃபைலில் வைத்துக் கட்டினார். "ஜூன்ல வா."

நான் வாசலைத் தாண்டும்போதே போன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பஸ் ஆபீசைத்தான் பிடித்திருந்தார். "என் பிள்ளைங்க பாலு" என்று மூன்று தடவை சொன்னது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. கலெக்டர், பிஷப், பால் பவுடர் எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. திங்கட்கிழமை ஏழு பத்துக்குப் பஸ் வந்தது. செவ்வாயும் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பஸ் வராத நாளே இல்லை. வருஷக் கணக்காக நாங்கள் ஊரோடு கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம், ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து லிட்டர் பாலுக்கு வந்தது. எனக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், இனிமேல் தாமதத்துக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லையே என்று இருந்தது.

ரைட்டருக்கு ஒரே பெருமை. கேனை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து, "பாத்தீங்களா டீச்சர், ஏழு பத்துன்னு நான் அடிச்சது பொய்யாங்க?" என்றார். மோர் நின்றுபோனதில் காட்டு ஆட்களுக்கு மட்டும் என்மேல் கொஞ்ச நாள் வருத்தம்.

பல வருஷம் கழித்து, வேலை நிரந்தரமாகும் சமயத்தில் ஆபீசில் என் ஃபைலைப் பிரித்தார்கள். அந்த மெமோ இருந்தது. பதினேழு தேதிகள் சிகப்பில் அடிபட்டிருந்தன. கீழே அந்த வரியில் 'பொய்' என்ற வார்த்தையும் அடிபட்டிருந்தது. மிச்சம் இருந்த இரண்டு தேதிகளுக்கு எதிரில், தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில், சிஸ்டரின் குண்டு குண்டான கையெழுத்தில் 'பஜ்ஜி' என்று எழுதி, பள்ளிக்கூட முத்திரையும் குத்தியிருந்தது.